லெஸ்டர் ரூர்டாவின் ரோட்டோர வரிசைகள்

எங்கள் ஊரில் ஒரு மனுஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவன் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. அவனுடைய சோயா வயல் ஓரமாகக் காரை ஓட்டிக்கொண்டு போனால் போதும். ரோட்டோரத்து முதல் இருபது வரிசையில் களை இல்லையென்றால் நல்ல குடும்பம். பத்துச் செடி நின்றால் வீட்டில் ஏதோ சண்டை. நூறு நின்றுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது யாராவது தோளில் கை வைத்து, "எல்லாம் சௌக்கியம்தானே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கன்னத்தில் ஒரு அறையே வாங்கிக்கொள்ளலாம்.

லெஸ்டர் ரூர்டா ஒரே கோடையில் அந்தக் கேள்வியைப் பதினோரு தடவை வாங்கினவன். "என்னைப் பத்திச் சொல்றதுன்னா சொல்லு நெல்வினா, ஆனா என் வயித்தைப் பத்திச் சொல்லாதே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அதனால் வயிற்றை விட்டுவிடுகிறேன்.

மற்றபடி அவன் நெட்டையான ஆள், ஐம்பத்தெட்டு வயது, தலையில் முடி கிடையாது. கன்றுக்குட்டிக்கு ஊசி போடும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்கிறவன். எதிரே வண்டி வந்தால் நாங்கள் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லுவோம். லெஸ்டர் இரண்டு கையையும் தூக்குவான். அதனால் அவனுக்கு எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். கர்த்தர் அவனுக்குப் பொறாமையைக் கொடுக்கவில்லை, அவசரத்தைக் கொடுக்கவில்லை, நல்ல நிலத்தையும் அதிகம் கொடுக்கவில்லை. சொந்தமாக இருந்தது வீடு, தொழுவம், பன்னிரண்டு ஏக்கர். அவனும் அவன் மனைவி ஆர்டித்தும் பிழைத்தது ஃபீன்ஸ்ட்ரா அம்மாவின் எண்பது ஏக்கர் குத்தகையில்தான்.

அந்த எண்பது ஏக்கர் கோவிலுக்குப் போகிற ரோட்டின்மேலேயே இருந்தது. அதுதான் வினை.

ஃபீன்ஸ்ட்ரா அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. ஊருக்குள் முதியோர் குடியிருப்பில் இருந்தார். ஞாயிறுதோறும் நான்தான் காரில் அழைத்துக்கொண்டு கோவிலுக்குப் போவேன். வயல் வந்ததும், "மெதுவா, நெல்வினா" என்பார். நான் மெதுவாகப் போவேன். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வரிசை வரிசையாகப் பார்ப்பார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஆராதனையில் பாட்டுப் புத்தகத்துக்குக்கூட அந்தக் கண்ணாடி வெளியே வராது. பாட்டெல்லாம் மனப்பாடம். களைதான் வாரம் ஒரு தடவை மாறுகிறது.

அமெரிக்காவின் நடுவில் இருக்கிற எங்கள் அயோவா மாநிலத்தில் இப்போது ஒரு காட்டுக்கீரை கிளம்பியிருக்கிறது. கீரை என்றதும் கடைந்து சாப்பிடுகிற கீரை என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேலே போகும். ஒரு செடி லட்சக்கணக்கில் விதை போடும். முன்பெல்லாம் ஒரு தடவை களைக்கொல்லி அடித்தால் செத்தது. பிறகு இரண்டு தடவை கேட்டது. பிறகு வேறு மருந்து கேட்டது. இப்போதெல்லாம் மருந்தடித்த அன்று மரியாதைக்காகத் தலையைத் தொங்கப்போடும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முன்னைவிட நிமிர்ந்து நிற்கும். லெஸ்டர் அப்படியும் ஐந்து வருஷம் விடாமல் அடித்துப் பார்த்தான். களை சாகவில்லை. காற்றில் பறந்து வந்த மருந்தில் ஆர்டித்தின் தக்காளிதான் செத்தது. இலையெல்லாம் பிச்சைக்கு ஏந்தின கை மாதிரி சுருண்டு போயிற்று.

"இதோ பாரு லெஸ்டர்," என்றாள் ஆர்டித். "வர்ற வருஷமும் என் தக்காளி சுருண்டுச்சுன்னா, நீயே சமைச்சுக்கோ. உனக்கு வெந்நீர் போடவே தெரியாது. அதை நினைச்சுக்கிட்டு மருந்தடி."

அந்தப் பயத்தில்தான் அவன் புதுவழி தேடினான். மாவட்ட விவசாய அலுவலர் ஒருவர் வழி சொன்னார். இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் அறுத்த கையோடு ரை விதைத்துவிட வேண்டும். ரை என்பது கோதுமைக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு தானியம். பனியில் கிடந்தும் சாகாது. வசந்தத்தில் அது நெஞ்சு உயரம் வளர்ந்து நிற்கும்போதே அதற்குள் சோயாவை விதைத்துவிட வேண்டும். ரை பூத்ததும் கனத்த இரும்பு உருளையை உருட்டித் தண்டை நசுக்கிப் படுக்கவைத்தால், பாய் விரித்த மாதிரி நிலத்தை மூடிக்கொள்ளும். சோயா அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது, முளைக்காது. மருந்து ஒரு தடவை, அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் போதும்.

லெஸ்டர் சாலைக்கு அடியில் தண்ணீர் போகப் போடுகிற பழைய இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி, அதன்மேல் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து உருளை செய்தான். பார்க்க ராட்சதன் சப்பாத்திக் கட்டை மாதிரி இருந்தது. ஊரே வந்து பார்த்தது. முதலில் வந்தவன் விர்ஜில் ஹோக்ஸ்ட்ரா. லெஸ்டருக்குப் பக்கத்து நிலத்துக்காரன், ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர் பண்ணுகிறவன். நூறு அடிக்கு இறக்கை விரிக்கிற மருந்துத் தெளிப்பு வண்டி வைத்திருந்தான். ஃபீன்ஸ்ட்ரா அம்மாவின் எண்பது ஏக்கர் தன் நிலத்தோடு சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்று அவனுக்கு நெடுநாளாக ஒரு நினைப்பு.

"என்னடா இது லெஸ்டர், ரோடு போடப்போறியா?" என்றான்.

"ரையைப் படுக்கவைக்கப் போறேன்."

"ஏன், அதுக்குத் தூக்கம் வரலையா?"

லெஸ்டர் சிரித்துவிட்டான். அதுதான் அவனிடம் உள்ள குறை. தன்னைக் கிண்டல் செய்தாலும் நன்றாக இருந்தால் சிரித்துவிடுவான்.

ரை பூத்து, தட்டினால் கையில் மாவு மாதிரி மகரந்தம் கொட்டும்வரை உருட்டக்கூடாது என்று அலுவலர் மூன்று தடவை சொல்லியிருந்தார். ஜூன் முதல் வாரம், சனிக்கிழமை. லெஸ்டர் தட்டிப் பார்த்தான். கொஞ்சம் கொட்டிற்று, கொஞ்சம்தான். இன்னும் ஒருநாள் பொறுத்தால் சரியாக இருக்கும். ஆனால் அந்த ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் ஓய்வுநாளில் டிராக்டர் சாவியைத் தொடமாட்டோம். திங்கள் முதல் நாலு நாள் மழை என்று வானொலி சொன்னது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை உருட்டியிருப்பார்கள். லெஸ்டர் சனிக்கிழமையே எண்பது ஏக்கரையும் உருட்டிவிட்டு, குளித்து, ஜெபம் பண்ணி, படுத்துவிட்டான்.

ஞாயிறு காலை நானும் ஃபீன்ஸ்ட்ரா அம்மாவும் அந்த வழியே போனோம். முன்னாலும் பின்னாலும் சபையார் வண்டிகள். வயல் வந்ததும் மெதுவாகப் போனேன். படுத்திருந்த ரை, வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தது. சில முழங்கையை ஊன்றின மாதிரி பாதி எழுந்தன. சில நேராகவே எழுந்து நின்றுவிட்டன. எண்பது ஏக்கரும் போதை தெளியாமல் எழுந்த மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றது.

"நெல்வினா, இது என்னடீ?" என்றார் அம்மா.

"ரை, அம்மா."

"தெரியுது. ஏன் இப்படி நிக்குது?"

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஆராதனை முடிந்து காபி ஊற்றும்போது விர்ஜில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "லெஸ்டர், உன் வயல்ல உயிர்த்தெழுதல் நடந்திருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுன்னு யாராவது அதுக்குச் சொல்லுங்கப்பா." அன்றுதான் "எல்லாம் சௌக்கியம்தானே?" முதல் தடவை விழுந்தது. ஆறு பேர் கேட்டார்கள்.

மழை விட்டபின் வெள்ளிக்கிழமை லெஸ்டர் மறுபடி உருட்டினான். இந்தத் தடவை ரை படுத்தது, எழவில்லை. ஜூலை நடுவில் சோயா அதைத் துளைத்து வந்து வரிசை கட்டி நின்றது. இடையில் காய்ந்த ரை, பொன் நிறத்தில் பாய் மாதிரி. களை அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஊரில் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

ஆனால் அந்த வயலுக்கு நடுவில் ஒரு மேடு உண்டு. மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். வசந்த மழையில் அங்கே தண்ணீர் நின்று ரை அழுகிப்போய்விட்டது. ரை இல்லையென்றால் பாய் இல்லை. பாய் இல்லாத அந்த இரண்டு ஏக்கரில் காட்டுக்கீரை, தனக்கு அழைப்பு வந்த மாதிரி, குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேடு மறைத்துக்கொண்டது.

லெஸ்டர் என்ன செய்தான்? தினமும் சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்து இருபது வரிசைக்குப் போனான். அங்கே இருந்ததே பத்துப் பதினைந்து களைதான். அதைப் பிடுங்கினான். மறுநாள் மறுபடி போனான். களை இல்லாவிட்டால் காய்ந்த இலையைப் பொறுக்கினான். ஆர்டித்துக்குத் தாங்கவில்லை.

"பின்னாடி காடு நிக்குது. நீ இங்கே பேன் பார்த்துக்கிட்டிருக்கியா?"

"பின்பக்கம் வழியா யாரும் கோவிலுக்குப் போறதில்லையே, ஆர்டித்."

இதை அவள் என்னிடம் சொன்னாள். தெரிந்துகொண்டது எனக்குப் பாரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வழியே போகும்போது வழக்கத்தைவிட மெதுவாகப் போனேனா, வேகமாகப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் வீட்டுக்காரர் இருந்தப்ப இருந்த மாதிரி இருக்கு" என்றார். நான் ஆமாம் என்றேன். அது பொய்யா என்று அன்று ஆராதனை முழுக்க யோசித்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றுவரை தெரியாது.

ஆகஸ்ட் முதல் வாரம் விர்ஜில் வாயைத் திறந்துவிட்டான். தெளிப்பு வண்டியில் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேட்டுக்குப் பின்னால் தெரியாதா? கோவில் காபி நேரத்தில் ஃபீன்ஸ்ட்ரா அம்மாவிடம் போய், "அம்மா, உங்க நிலத்துக்காகக் கவலைப்படறேன். அதான் சொல்றேன். மேட்டுக்குப் பின்னாடி ஒருதரம் பாருங்க. விதை விழுந்தா பத்து வருஷத்துக்குப் போகாது" என்றான். குரலில் அவ்வளவு துக்கம்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். லெஸ்டரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை நான் வயலுக்குள்ள வர்றேன், லெஸ்டர். ரோட்டிலேர்ந்து இல்ல. உள்ள, மேட்டுக்குப் பின்னாடி. களை நின்னுச்சுன்னா நோட்டீஸ் அனுப்பிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

எங்கள் மாநிலத்தில் செப்டம்பர் முதல் தேதிக்குள் நோட்டீஸ் போனால் வருகிற மார்ச்சில் குத்தகை முடிந்துவிடும். போகாவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். லெஸ்டர், "சரிங்கம்மா" என்றான். அன்று அவன் ரொட்டியில் வைத்த பன்றி இறைச்சியைத் தொடாமலேயே வீட்டுக்குப் போனான். ஆர்டித் அதைக் கண்டு பயந்துபோனாள்.

இரண்டு ஏக்கர் காட்டைக் கையால் பிடுங்கச் சாதாரணமாக ஒரு வாரம் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை இருவரும் பிடுங்கினார்கள். பிடுங்கியதை வயலில் போடக்கூடாது, வேர் பிடித்துக்கொள்ளும். கட்டாகக் கட்டி வெளியே சுமக்க வேண்டும். வெள்ளி இரவு பார்த்தால் இன்னும் அரை ஏக்கர் நின்றது. சனிக்கிழமை ஒருநாள் இருக்கிறதே என்று படுத்தார்கள். சனிக்கிழமை விடியும்போதே இடி. அன்று பூராவும் மழை. வயலுக்குள் கால் வைத்தால் முழங்கால்வரை போயிற்று.

அந்தச் சனிக்கிழமை மழை எங்கள் தலையிலும் ஒரு காரியத்தைப் போட்டது. தலைநகரில் வேலை பார்க்கிற அம்மாவின் பேத்தி, பாட்டியின் பிறந்தநாளுக்காகப் பலூன் சவாரிக்குச் சீட்டு எடுத்திருந்தாள், இரண்டு பேருக்கு. பக்கத்து மாவட்டத்தில் வருஷா வருஷம் பலூன் திருவிழா நடக்கும். சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் பறப்பதாக ஏற்பாடு. மழை என்றதும், நாளை காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று பலூன்காரர் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஓய்வுநாள் அம்மா," என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "வேலை செய்யறது காத்து. நான் சும்மா நிக்கப்போறேன். சும்மா நிக்கறதுதானே ஓய்வு?"

"யாராவது பார்த்தா?"

"மேலே யாரு இருக்கா பார்க்க?" என்றார். சொல்லி முடித்ததும் யார் இருக்கிறார் என்று அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். கண்ணை ஒருதரம் கூரைப் பக்கம் தூக்கிவிட்டு இறக்கினார். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை கூடைக்குள் ஏறினோம். நெருப்பு ஒருதரம் சீறியது, தரை இறங்கிப் போயிற்று. நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். மத்தியில் சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபமும் வந்துவிட்டது. பலூனை யாரும் ஓட்ட முடியாது, காற்று கொண்டுபோகிற இடத்துக்குத்தான் போகும். அன்று காற்று நேராக எங்கள் கோவில் ரோட்டுக்குக் கொண்டுபோயிற்று.

அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

முதலில் விர்ஜிலுடைய நிலம் வந்தது. ரோட்டோரம் தலை வாரிவிட்ட மாதிரி படு சுத்தம். உள்ளே பார்த்தால் மூன்று பள்ளத்திலும் காட்டுக்கீரை அடர்த்தியாக நின்றது. தெளிப்பு வண்டியில் ஏதோ ஒரு துவாரம் அடைத்திருக்க வேண்டும். அரை மைல் நீளத்துக்கு ஒரே கோடாகக் களை, பச்சை நாடா தைத்த மாதிரி.

"அடப்பாவி," என்றார் அம்மா.

அடுத்தது இன்னொருவர் வயல். ரோட்டோரம் சுத்தம், நடுவில் காடு. அதற்கு அடுத்தது எங்கள் சபை மூப்பருடையது. ரோட்டோரம் படுசுத்தம், நடுவில் ஒரு மான் குடும்பமே களைக்குள் படுத்திருந்தது. எல்லோருடைய வயலும் முன்பக்கம் கோட்டுப் போட்டு, பின்பக்கம் கிழிந்து போயிருந்தது. அம்மா ஒவ்வொரு வயலுக்கும் உடையவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

பிறகு லெஸ்டரின் வயல். பலூன்காரர் நெருப்பை நிறுத்திவிட்டு இறங்கும் இடம் தேடிக்கொண்டிருந்தார். தாழ்வாக, சத்தமே இல்லாமல் போனோம். கீழே பெருமூச்சு விட்டாலும் கேட்கும் போலிருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை பொன் பாயும் பச்சை வரிசையும். மேட்டைத் தாண்டினோம். பள்ளத்தில் அரை ஏக்கர் காடு. அந்தக் காட்டில் ஓரிடம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அது மானா இருக்கும் அம்மா," என்றேன்.

"மான் தொப்பி போடுமா?"

அம்மா கூடைக்கு வெளியே குனிந்தார். "லெஸ்டர்!"

ஆட்டம் நின்றது. தொப்பி மெதுவாகத் தலையிலிருந்து இறங்கிற்று. வழுக்கைத் தலை தெரிந்தது. அது நிமிரவே இல்லை. நடுங்குகிற குரல் ஒன்று கீழேயிருந்து வந்தது: "இதோ இருக்கேன்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை, ஆண்டவரே."

"ஆண்டவர் இல்லடா! நான்! டீனா ஃபீன்ஸ்ட்ரா!"

அப்போதுதான் அவன் நிஜமாகப் பயந்தான். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன் அவன் தலைக்கு மேலே மிதந்தது. விளிம்பில் அம்மாவின் வெள்ளைத் தலை. அவன் முகம் இரக்கமாகிவிட்டது.

"அம்மா... எப்பம்மா தவறினீங்க?"

"நான் எங்கடா செத்தேன்? இது பலூன்டா மடையா!"

இந்தச் சமயம் பார்த்துப் பலூன்காரர் நெருப்பைத் திறந்தார். நாங்கள் மேலே போகத் தொடங்கினோம். கீழே லெஸ்டர் கையில் ஒரு கட்டுக் களையோடு நின்றான். யோசித்துவிட்டு, வாய்க்குக் கையைக் குவித்துக் கத்தினான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

"அம்மா! உங்களுக்கும் இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கி, பலூனைத் துரத்தி வந்த வண்டியில் போய்க் காரை எடுத்து, கோவிலுக்குள் நுழையும்போது முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் காலுறையில் புல் ஒட்டியிருந்தது. நான்கு வரிசை முன்னால் லெஸ்டரும் ஆர்டித்தும். அவன் பின்கழுத்து செக்கச் செவேல் என்று இருந்தது.

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பம் கேட்கிற நேரம் ஒன்று உண்டு. யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை இல்லை என்று எழுந்து சொல்லுவார்கள், போதகர் ஜெபிப்பார். அன்று விர்ஜில் எழுந்தான்.

"நம்ம சகோதரன் லெஸ்டர் வயலுக்காக ஜெபிக்கணும். பின்பக்கம் ரொம்பக் கஷ்டத்துல இருக்கு. நாளைக்கு அதைப் பார்க்க வர்றாங்க. பலவீனப்பட்டவனைக் கைவிடக்கூடாதில்லையா?"

நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள். லெஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தான். ஓய்வுநாளை மீறினேன் என்று சபைக்கு முன் சொல்லிவிடுகிற ஆள் அவன். சொன்னால் மானமும் போய், நிலமும் போய்விடும். ஆர்டித் அவன் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவன் மறுபடி எழுந்தான். மறுபடி இழுத்தாள். தையல் விட்ட சத்தம் கேட்டது.

அதற்குள் எனக்குப் பக்கத்தில் ஃபீன்ஸ்ட்ரா அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"போதகரே, எனக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"இன்னிக்குக் காலையில நான் பலூன்ல போனேன். ஓய்வுநாள்ல. அது தப்பு. முதல்ல அதுக்காக ஜெபிங்க."

கோவில் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"காத்து நம்ம ரோட்டுப் பக்கம் கொண்டுவந்துச்சு. மேலே இருந்து பார்த்தா எல்லாரோட வயலும் தெரியுது. முன்பக்கமும் தெரியுது." கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பின்பக்கமும்."

அந்த அமைதியை நான் அதற்கு முன் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை. யாரோ வாயில் போடப்போன பெப்பர்மின்ட் கை தவறிக் கீழே விழுந்து, பலகைத் தரையில் உருண்டு உருண்டு மேடை வரைக்கும் போயிற்று. மூப்பர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யார் பேரையும் சொல்லப்போறதில்லை," என்றார் அம்மா. "ஒரு வயலுக்கு மட்டும் ஜெபிச்சா மத்ததுக்கெல்லாம் வருத்தமா இருக்கும். எல்லா வயலுக்கும் சேர்த்து ஜெபிங்க. விர்ஜிலோட மூணு பள்ளத்துக்கும் தனித்தனியா ஜெபிங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். போதகர் நெடுநேரம் ஜெபித்தார். எங்கள் சபை ஆண்களின் வாயிலிருந்து அன்று வந்த மாதிரி உரத்த ஆமென் ஒருநாளும் வந்ததில்லை.

வெளியே வந்ததும் லெஸ்டர் எங்களைத் தேடி வந்தான். கோட்டின் வால் கிழிந்து தொங்கிற்று. "அம்மா, நான் செஞ்சதும் தப்புதான். நாளைக்கு நீங்க வாங்க. நிக்கறதை மறைக்கமாட்டேன்."

"வருவேன்னு சொன்னா வருவேன்," என்றார் அம்மா. அந்த முகத்திலிருந்து எனக்கு எதுவும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் லெஸ்டருக்காக முழங்காலில் நின்றேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கோடையில் எந்நேரமும் யாராவது இந்த ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்கள், விரலைத் தூக்கித் தூக்கி அலுத்துவிடும். அன்று வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. சபையார் அத்தனை பேரும் தத்தம் வயலின் பின்பக்கத்தில் இருந்தார்கள். தூரத்தில் விர்ஜிலின் மூன்று பள்ளத்திலும் தொப்பிகள் ஆடின. லெஸ்டருக்கு ஒரு கை உதவி செய்ய ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை.

வண்டிப்பாதை வழியாக மேட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். லெஸ்டரும் ஆர்டித்தும் சேறும் வேர்வையுமாக நின்றார்கள். விடியும்போதே இறங்கியிருந்தார்கள். இன்னும் கால் ஏக்கர் பாக்கி. மடக்கு நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். அம்மா குனிந்து ரைப் பாயை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கீழே மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. மண்புழு இரண்டு வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே போயின. களை ஒன்றுகூட இல்லை.

"இதுக்கு எத்தனை தடவை மருந்தடிச்சே?"

"ஒரே தடவைம்மா. விளிம்புல மட்டும்."

"பக்கத்துக்காரன்?"

"நாலு தடவைன்னு சொன்னான்."

அம்மா பாயை இருந்த மாதிரியே பொத்திவைத்தார். பள்ளத்தைப் பார்த்தார். "ரை இருக்கற இடத்துல களை இல்ல. ரை அழுகின இடத்துலதான் நிக்குது. தண்ணி நிக்கறதாலதானே அழுகுது?"

"ஆமாம்மா."

"அறுவடை முடிஞ்ச உடனே ஆளை வரச்சொல்லு. மண்ணுக்கடியில வடிகால் குழாய் போட்டுடலாம். செலவு நிலத்துக்காரியோடது."

லெஸ்டர் நெற்றியைச் சுருக்கினான். "போடலாம்மா. ஆனா அடுத்த வருஷம் பண்றவங்களுக்கு அது பிடிக்குமான்னு கேட்டுக்கிட்டுப் போடுங்க. விர்ஜிலுக்குன்னா வேற மாதிரி..."

ஆர்டித் கையிலிருந்த காட்டுக்கீரையை வேர்ச் சேற்றோடு அவன் நெஞ்சிலேயே வீசினாள். "நாமதான்யா அடுத்த வருஷம்! நாமதான்! காதுலயும் களை மண்டிடுச்சா உனக்கு?"

லெஸ்டர் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை அசைத்தார். அவன் அப்படியே சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான். ஸ்தோத்திரம் என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"எழுந்திருடா," என்றார் ஃபீன்ஸ்ட்ரா அம்மா. "உன் மூக்குக்கு நேரே ஒரு களை பூத்துக்கிட்டு நிக்குது. அதைப் பிடுங்கிட்டு அழு."